கோட்டை மியூசியமும் நாலு கேள்விகளும்

(ஒரு கிராம வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்தைப் பற்றிய விஷயமாகும். "பகுத்தறிவுக் கூட்டத்தில் கத்திக்கும் துப்பாக்கிக்கும் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. கோவிலுக்குள் போகிற மனிதன் எப்படித் தன் புத்தியையும் செருப்போடு வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறானோ, அப்படியேதான் நம் ஜனங்கள் மியூசியத்துக்குள்ளும் போகிறார்கள். "அடேயப்பா, எவ்வளவு பெரிய பீரங்கி!" என்று வாயைப் பிளக்கிறார்கள். வெளியே வந்து வேர்க்கடலை வாங்கித் தின்றுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேளாமல் பார்க்கப்படும் எந்தப் பொருளும், அது கல்லானாலும் சரி, இரும்பானாலும் சரி, கடைசியில் சாமியாகத்தான் போய் முடியும்.

ஆகவே, அங்கே போகவேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. அவசியம் போங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். ஆனால் நாலு கேள்விகளையும் கையோடு கொண்டுபோங்கள். இதைச் செய்தவன் யார்? இதற்குப் பணம் கொடுத்தவன் யார்? இதனால் செத்தவன் யார்? இதனால் லாபம் அடைந்தவன் யார்? இந்த நாலு கேள்விகளுக்கும் பதில் தேடினால் அந்த மியூசியம் ஒரு நல்ல பள்ளிக்கூடம். தேடாவிட்டால் அதுவும் ஒரு கோவில்தான்.

முதலில் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுவோம். மியூசியமாக அது ஏற்பட்டது 1948-ல்தான். கட்டடம் அதற்கு மிகவும் முந்தியது, 1795-ல் முடிந்தது. அது கட்டப்பட்டது எதற்காக? பட்டாளத்துக்காக அல்ல, வியாபாரிகள் கூடிச் சரக்குப் பேசி, ஏலம் போட்டுக் காசு மாற்றிக்கொள்ளுவதற்காக. அதன் கூரைமேல்தான் 1796 முதல் 1844 வரை கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கும் எரிந்தது. வியாபாரி கூடியிருந்த வீட்டில் இன்று வாளும் துப்பாக்கியும் வைத்திருக்கிறார்கள் என்றால், அது தற்செயலாக நேர்ந்ததென்று சிலர் சொல்லுவார்கள். நாம் சொல்லுவது என்னவென்றால், அந்த வாளும் துப்பாக்கியும் தங்களைப் பெற்றெடுத்த தாய்வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கின்றன என்பதுதான். தராசு இல்லாவிட்டால் அந்தப் பீரங்கி இங்கே வந்திராது.

உள்ளே காரன்வாலிஸ் பிரபுவின் பெரிய சலவைக்கல் சிலை ஒன்று இருக்கிறது. தாமஸ் பாங்க்ஸ் என்ற இங்கிலீஷ் சிற்பி செய்து, 1800-ல் கப்பலேற்றி வந்தது. அதன் பீடத்தைக் குனிந்து பாருங்கள். 1792-ல் திப்பு சுல்தான் தன்னுடைய இரண்டு சிறு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைத்த காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். திப்பு தன் ராஜ்யத்தில் பாதியைக் கொடுத்தான். 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் கொடுக்க ஒப்புக்கொண்டான். அந்தப் பணம் வந்து சேரும் வரையில் பிள்ளைகள் பிணை. அவர்கள் தகப்பனிடம் திரும்பிப் போனது 1794-ல். கடனுக்குப் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லேவாதேவிக்காரனைப் பற்றி நம் கிராமங்களில் என்ன பேசுவோம்? அதே வேலையை ஒரு கவர்னர் ஜெனரல் செய்தால் அதற்குச் சலவைக்கல்லில் சிலை!

இந்தச் சிலைக்காரருக்கு இன்னொரு கதையும் உண்டு. இதே காரன்வாலிஸ்தான் 1781-ல் அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற இடத்தில் தன் சேனை முழுவதோடும் வாஷிங்டனிடம் சரணடைந்தவர். அமெரிக்காவில் தோற்றவர் இங்கே வந்து பதினோரு வருஷத்தில் மகாவீரராகிவிட்டார். ஆகவே சிலை என்பது ஒரு மனிதனின் குணத்தைக் காட்டுவதல்ல. சிலை வைக்கும் சக்தி அந்த ஊரில் யார் கையில் இருந்தது என்பதைக் காட்டுவதேயாகும்.

பணம் கொடுத்தவன் யார் என்பதற்கும் இங்கேயே பதில் கிடைக்கிறது. திப்பு அந்த 3 கோடியே 30 லட்சத்தைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடவில்லை. குடிகளிடம் வசூல் செய்தான். நம் பக்கத்து ஆற்காட்டு நவாபோ கம்பெனியாருடைய பட்டாளத்தைக் கூப்பிட்டுக்கொண்டு, அதன் செலவுக்காகக் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே வட்டிக்குக் கடன் வாங்கி, அந்தக் கடனுக்கு ஊர் ஊராக நிலவரியை எழுதிக்கொடுத்தார். 1781-ல் நாட்டு வரி வசூலையே கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். 1801-ல் நாடே போய்விட்டது. சண்டை போட்டவன் ஒருவன், கடன் கொடுத்தவன் ஒருவன், கிஸ்தி கட்டியவன் மட்டும் நம் குடியானவன்.

இனி, ஜெயம் எதனால் வருகிறது என்பதைப் பார்ப்போம். நம் ஜனங்களுக்கு ஜெயம் என்றால் கிரகபலன், குலதெய்வம், மந்திரித்த தாயத்து என்று எண்ணம். இந்தக் கோட்டையின் சரித்திரமே அதற்குப் பதில் சொல்லுகிறது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் இந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை விரட்ட ஆற்காட்டு நவாப் அன்வருதீன் தன் மகன் மாபூஸ்கானைச் சுமார் பதினாயிரம் பேரோடு அனுப்பினார். அடையாற்றங்கரையில் அவனை எதிர்த்து வந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். அவர்களிலும் பெரும்பாலோர் இந்த நாட்டுச் சிப்பாய்களே. ஆயிரம் பேர் ஆற்றைக் கடந்து வந்து பதினாயிரம் பேரைத் துரத்திவிட்டார்கள். எப்படி? பழகிய சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று தடவை மருந்து கெட்டித்துச் சுடுவான். ஒரு வரிசை சுடும்போது இன்னொரு வரிசை கெட்டிக்கும். யானையும் குதிரையும் கொடியும் பட்டமும் அந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை. நவாபின் பக்கத்தில் வேண்டுதலுக்குக் குறைவிருந்திருக்காது; பழக்கம்தான் குறைவு.

கோட்டைக்குள் மியூசியத்தை விட்டுச் சற்றுத் தூரம் நடந்தால் செயின்ட் மேரி மாதா கோவில் இருக்கிறது. 1680-ல் பிரதிஷ்டை செய்தது. அதன் கூரையைக் குண்டு துளைக்காதபடி கனமான வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். கர்த்தர் காப்பாற்றுவார் என்று உள்ளே பிரசங்கம். காப்பாற்றாவிட்டால் என்ன செய்வது என்று மேலே தடித்த கூரை! கட்டிய கொத்தனுக்கும் இஞ்சினீருக்கும் பாதிரியைவிட உலகம் தெரிந்திருக்கிறது. கிறிஸ்தவக் கடவுளை மட்டும் சொல்லிவிட்டு நம்மவர் கடவுளை விட்டுவிட்டதாக யாரும் குறைப்படவேண்டாம். கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் பட்டணத்தில் சென்னகேசவப் பெருமாள் கோவில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் திரும்ப வருவார்கள் என்ற பயத்தில், பீரங்கிக்குத் திடல் வேண்டுமென்று, 1757-ல் கம்பெனியார் அதை இடித்துத் தள்ளினார்கள். பெருமாள் சக்கரத்தை எடுக்கவில்லை. பிறகு வேறு இடத்தில் நிலம் கொடுத்தார்கள், பெருமாளும் ஒன்றும் சொல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் டிசம்பரில் லாலி என்ற பிரெஞ்சு சேனாதிபதி வந்து கோட்டையை முற்றுகை போட்டான். 1759 பிப்ரவரியில் முற்றுகை கலைந்தது. கலைத்தது எது? இங்கிலீஷ்காரருக்கு உதவிக் கப்பல் வந்து சேர்ந்தது. வெளியே பிரெஞ்சுக்காரருக்கு வரும் தானியத்தையும் மாட்டையும் யூசுப்கான் என்ற நம் நாட்டுச் சிப்பாய்த் தலைவன் மறித்தான். அந்த யூசுப்கானுக்குக் கிடைத்த கூலி என்ன தெரியுமா? 1764-ல் மதுரையில் தூக்கு. தூக்கிலிட்டவர்கள் அவன் யாருக்காகச் சண்டை போட்டானோ அவர்களேதான்.

இனி, செய்தவன் யார் என்ற கேள்வி. இந்தச் சண்டைகளிலெல்லாம் இங்கிலீஷ்காரன் கண்டு பயந்த ஆயுதம் ஒன்று உண்டு. அது மைசூர் வாணம். இரும்புக் குழாயில் மருந்தை இறுக்கி அடைத்து, நீண்ட மூங்கிலை வாலாகக் கட்டி எறிவது. ஹைதரும் திப்புவும் அதற்கென்று தனிப் படையே வைத்திருந்தார்கள். 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் சேனை அழிந்தபோது இந்த வாணமும் அங்கே இருந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. வெள்ளைக்காரன் அந்த வாணங்களை என்ன செய்தான்? லண்டனுக்கு அடுத்த உல்விச் ஆயுதசாலைக்கு அனுப்பினான். அங்கே காங்கிரீவ் என்பவர் குழாயைப் பிரித்து, மருந்தை நிறுத்து, எத்தனை தூரம் போகிறது என்று அளந்து, அதைவிட நல்ல வாணம் செய்தார். 1807-ல் கோபன்ஹேகன் பட்டணத்தை எரிக்க அதையே உபயோகித்தார்கள். எரித்தது அயோக்கியத்தனம்; அதை நாம் மெச்சவில்லை. ஆனால் கையில் கிடைத்த பொருளைப் பிரித்துப் பார்த்தானே, அந்த புத்தியை யோசியுங்கள். நாம் ஆயுதத்தை என்ன செய்கிறோம்? வருஷத்துக்கு ஒரு நாள் அதற்குச் சந்தனமும் குங்குமமும் பூசி, பூசணிக்காய் உடைத்து, "அதைத் தொடாதே, பூஜையில் இருக்கிறது" என்கிறோம். அவன் பிரித்தான், நாம் பொட்டு வைத்தோம். யார் யாரை ஆண்டார்கள் என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டுமா?

நம்மவனுக்கு மூளை இல்லையென்று இதற்கு அர்த்தமல்ல. முதலில் அந்தக் குழாயை அடித்துச் செய்தவன் நம் நாட்டுக் கருமான்தானே! இரும்பைத் தொடுகிறவனுக்குப் படிப்புக் கூடாது. படிக்கிறவனுக்கு இரும்பைத் தொடுவது இழிவு. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்து அதற்குத் தர்மம் என்று பெயரும் வைத்தார்கள். கை ஒரு ஜாதி, தலை ஒரு ஜாதி. அந்தக் கருமான் தன் கணக்கை ஒரு ஏட்டில் எழுதியிருந்தால், அவன் மகன் அதைப் படித்து மேலே போயிருப்பான். எழுத விடவில்லை. அதனால்தான் வாணத்துக்குக் காங்கிரீவ் பெயர் வந்தது.

இனி, செத்தவன் யார்? அங்கே பலர் அதிசயமாக நின்று பார்க்கும் ஒரு மரக்கூண்டு இருக்கிறது. சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த காப்டன் ஆன்ஸ்ட்ரூதர் என்ற வெள்ளைக்காரரை 1840-ல் சீனர்கள் பிடித்து அடைத்து வைத்த கூண்டு அது. ஒரு ஆள் கையைக் காலை நீட்டிப் படுக்க முடியாது. மனிதனை அப்படி அடைப்பது கொடுமைதான், சந்தேகமில்லை. அவர் 1841 பிப்ரவரியில் விடுதலையாகி வந்தார், கூண்டும் வந்தது. நாம் தோழர்கள் சிலரோடு அந்தக் கூண்டைச் சுற்றி நின்றபோது, கூட வந்த ஒரு வாலிபர், "ஐயா, சென்னைப் படை என்கிறீர்களே, இதிலே நம்ம ஆள் யாருமே இல்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி! அன்று ஆன்ஸ்ட்ரூதர் நிலம் அளக்கப் போனபோது அவரோடு போன வயதான லஸ்கர் ஒருவன் இருந்தான். ஜனங்கள் திரண்டு வந்து மறித்தபோது அந்தக் கிழவனைக் கல்லால் அடித்தே கொன்றுவிட்டார்கள். துரை சிறைப்பட்ட கூண்டுக்குக் கண்ணாடி அறையும் விளக்கச் சீட்டும் கிடைக்கும். செத்த கிழவன் "ஒரு லஸ்கர்" என்ற இரண்டு வார்த்தையோடு சரி. அவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாள். அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

அதே யுத்தத்தில் 1841-ல் நெர்புத்தா என்ற கப்பல் பார்மோசாத் தீவுக்கருகில் உடைந்தது. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் படகில் ஏறித் தப்பித்துக்கொண்டார்கள். கப்பலில் விட்டுப்போன இந்தியர்கள் சுமார் 240 பேர். கரையேறியவர்கள் பிடிபட்டார்கள். மறு வருஷம் இன்னொரு கப்பல் ஆட்களையும் சேர்த்து 197 பேருடைய தலையை வெட்டினார்கள். மியூசியம் பார்க்கப் போகிறவர்கள் அந்த ஒரு கூண்டைப் பார்க்கும்போது இந்த 197 தலைகளையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். சூசான் தீவில் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் மாண்ட சிப்பாய்களோ, சண்டையில் மாண்டவர்களைவிடப் பல மடங்கு. எதிரியின் குண்டைவிடக் கெட்ட தண்ணீர் பெரிய சேனாதிபதி. ஆனால் கெட்ட தண்ணீருக்கு யாரும் சிலை வைப்பதில்லை.

காண்டன் பட்டணத்துக்கு வெளியே 1841 மே மாதத்தில் நம் 37-வது சென்னைப் பட்டாளத்தில் ஒரு கம்பெனி மழையில் வழி தப்பி, ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டது. மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. அவர்களைக் காப்பாற்றியது வேண்டுதலா? இல்லை. மழையிலும் வெடிக்கும் புதுமாதிரித் தொப்பிக் கேப்புப் போட்ட துப்பாக்கியோடு வந்த கப்பற்படைச் சிப்பாய்கள். வருண பகவானுக்குப் பதில் சொல்லியது ஒரு சிறு செம்புத் தொப்பி.

இத்தனை பேர் செத்தது எதற்காக? இதுதான் நாலாவது கேள்வி. அபினிக்காக, தோழர்களே! காசிக்கும் பாட்னாவுக்கும் சுற்றுப்புறத்தில் குடியானவனைக் கசகசாச் செடி பயிரிடச் செய்து, தாங்களே விலை வைத்து வாங்கி, அதைச் சீனாவில் விற்றார்கள். பாவத்தைப் போக்கும் காசிக்குப் பக்கத்திலேயே அந்த விஷம் விளைந்தது. 1839-ல் லின் என்ற சீன அதிகாரி 20,000 பெட்டிக்கு மேற்பட்ட அபினியைப் பறிமுதல் செய்து, சுண்ணாம்பும் உப்பும் கொட்டி அழித்தார். தன் ஜனங்கள் கெடாமல் இருக்க ஒருவன் விஷத்தை அழித்தால் அதன்மேல் யுத்தம்! 1842-ல் சீனா 210 லட்சம் டாலர் கொடுத்தது. ஹாங்காங் தீவையும் கொடுத்தது. அதில் அந்தக் கிழ லஸ்கரின் பெண்டாட்டிக்கு எத்தனை டாலர் வந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி, வீரம் பிறப்பில் வருகிறது என்ற புரட்டைச் சொல்லி முடிக்கிறோம். தெற்கே பிறந்த சிப்பாய்கள்தான், அவர்களில் பறையரென்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட மக்களும் அநேகர், கம்பெனியாருக்கு ராஜ்யம் சம்பாதித்துக் கொடுத்தார்கள். சம்பாதித்து முடிந்தபின் ராபர்ட்ஸ் என்ற சேனாதிபதி போன்றவர்கள், "வீர ஜாதி வடக்கேதான் பிறக்கிறது, தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மனு சொன்ன க்ஷத்திரியக் கதையையே இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார்கள். சென்னைக் காலாட்படை படிப்படியாகக் குறைந்து 1928-க்குள் கலைக்கப்பட்டுவிட்டது. பம்பாய் பக்கத்து மகர்களுக்கும் இதே கதிதான். 1818-ல் கோரேகாவில் சண்டை போட்ட மகர் சிப்பாய்கள் 22 பேர் பெயர் அங்கேயுள்ள கல் தூணில் இருக்கிறது. இருந்தும் 1890-களில் அவர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். அப்புறம் 1939-ல் உலக யுத்தம் வந்தது. ஆள் வேண்டியிருந்தது. உடனே 1941-ல் மகர் படை. 1942-ல் சென்னைப் படை! வீரம் ரத்தத்தில் இருப்பதானால், கலைத்த வருஷத்தில் எங்கே போயிற்று? எழுப்பிய வருஷத்தில் எங்கிருந்து வந்தது? சர்க்காருக்கு ஆள் வேண்டும்போது ஜாதி பறந்துவிடுகிறது. வேண்டாதபோது திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளுகிறது.

ஆதலால் தோழர்களே! நாம் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது பெரிய காரியமல்ல. 1914 முதல் 1919 வரை நடந்த யுத்தத்துக்காக நம் நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்" என்று அதில் எண் மாத்திரம் இருக்கும், பெயர் இருக்காது. ஆட்டுமந்தையைக்கூடக் காது அடையாளம் வைத்து எண்ணுகிறோம். உங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள், பர்மாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய்த் திரும்பியவர்கள், திரும்பாதவர்கள், இவர்கள் பெயரைத் தெரிந்த கிழவர் கிழவிகள் இன்னும் சிலர் இருப்பார்கள். அல்லது அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இருப்பார்கள். தெருத் தெருவாகப் போய்க் கேளுங்கள். ஊருக்குள் கேட்டுவிட்டுச் சேரியை விட்டுவிடாதீர்கள். அங்கிருந்துதான் அதிகம் பேர் போயிருப்பார்கள். அந்தப் பெயர்களை எல்லாம், ஜாதிப் பட்டம் சேர்க்காமல், ஒரு பலகையில் எழுதி இந்த வாசகசாலைச் சுவரில் மாட்டுங்கள். அதற்கு மாலை போடவேண்டாம், கற்பூரம் காட்டவேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்தச் சண்டை, எந்த வருஷம், யாருடைய லாபத்துக்காக என்று எழுதினால் போதும்.

அதைப் படித்து வளர்கிற பிள்ளை, நாளைக்கு எந்த ராஜாவானாலும் எந்த மந்திரியானாலும் "புறப்படு சண்டைக்கு" என்று சொல்லும்போது, முதலில் "எதற்காக?" என்று கேட்பான். அப்படிக் கேட்கிற பிள்ளைகள் இந்தக் கிராமத்தில் பத்துப் பேர் உண்டானால் நாம் வந்து பேசியது வீண்போகவில்லை என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.